இடப்பக்கத் தையல்

ஒரு ஆளுக்கு மட்டும் சட்னி அரைப்பது எவ்வளவு கஷ்டம் என்று குடும்பத்தோடு இருப்பவர்களுக்குத் தெரியாது. மிக்சியின் சின்ன ஜாரில் போட்டாலும் தேங்காய் பிளேடுக்கு எட்டாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு பேருக்கு என்றால் சரியாக அரைபடும். உங்கள் அக்கா வந்தால்தான் என் வீட்டில் சட்னி. மற்ற நாளெல்லாம் இட்லிப் பொடிதான். உட்காருங்கள் பூவிழி. நீங்கள் நின்றுகொண்டே இருந்தால் எனக்குச் சொல்ல வராது.

நீங்கள் பையிலிருந்து எடுத்து வைத்த ரவிக்கைகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இடப்பக்கம் மட்டும் உள்தையல் பிரிந்திருக்கிறது, வலப்பக்கம் அப்படியே இருக்கிறது, ஏன் என்று கேட்கிறீர்கள். கீழ்வேளூரில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவள் செம்மொழி. அவளே தன் ரவிக்கையை இப்படி ஒரு பக்கமாக வைத்துக்கொள்வாளா என்று உங்களுக்குச் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். நான்தான் பிரிக்கச் சொன்னேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

தஞ்சாவூரில் எங்கள் மருத்துவமனைக்கு அவள் முதன்முதலில் வந்தபோது, புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நோய் போய்விட்டது, புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தாள். டாக்டர் சூர்யபிரகாஷ் பேசிவிட்டு, உள்ளே வைக்கிற பைகளின் மாதிரிகளைக் காட்டச் சொல்லி என்னிடம் அனுப்பினார். நர்ஸ் வேலையோடு அதுவும் என் வேலை. தட்டில் வைத்து எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவளுக்கும் சொன்னேன். உப்பு நீர்ப் பை ஒழுகினால் அந்த நீரை உடம்பே இழுத்துக்கொள்ளும், மார்பு வற்றிவிடும், பார்த்தாலே தெரியும். சிலிகான் பை தொட்டால் சதை மாதிரியே இருக்கும், ஆனால் கிழிந்தால் வெளியே தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும். உருண்டையாக ஒன்று. மேலே சரிந்து கீழே நிறைந்த நீர்த்துளி வடிவத்தில் ஒன்று. துளி வடிவம் உள்ளே திரும்பிவிட்டால் கோணலாகிவிடும் என்பதால் அதன் மேல்பரப்பைச் சொரசொரப்பாகச் செய்திருப்பார்கள், சதை அதைப் பிடித்துக்கொள்ளும்.

மற்ற பெண்கள் அந்தத் தட்டைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உங்கள் அக்கா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, மேசையில் வைத்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இந்த உருண்டை கப் வச்ச ஜாக்கெட்டுக்குத்தான் சிஸ்டர் நிக்கும். எங்க ஊர்ல யாரு கப் வச்சுப் போடுறா? இது பாருங்க, மேல சரிஞ்சு வருது. டாட் மடிப்பு புடிச்சா அப்படியே உக்காரும்."

நான் சிரித்துவிட்டேன். அந்த அறையில் அதற்கு முன்னால் நான் சிரித்ததாக நினைவில்லை. அவள் கேட்ட சொரசொரப்பு வகையையே டாக்டர் வைத்தார். அப்போது அதில் எங்களுக்குக் குறை ஒன்றும் தெரியாது. அந்தத் தேர்வில் என் தப்பு எதுவும் இல்லை, அதையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் மருத்துவமனைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்துப் பெண்கள் ஆண் டாக்டர் முன்னால் ரவிக்கையை அவிழ்க்கக் கூசுவார்கள். சிலர் அதற்குப் பயந்தே அடுத்த முறை வராமல் நின்றுவிடுவார்கள். அதனால் டாக்டர் திரைக்கு வெளியே நாற்காலியிலேயே இருப்பார். நான் உள்ளே போய்ப் பார்த்து, தொட்டு, குரல் கொடுப்பேன். "சார், ஒரு நிமிஷம்" என்றால் எழுந்து வருவார். "நல்லா இருக்கு சார்" என்றால் வரமாட்டார், அங்கிருந்தபடியே இரண்டு வார்த்தை விசாரித்து அனுப்பிவிடுவார். நல்ல மனிதர். "ஷோபனா பாத்தா நான் பாத்த மாதிரி" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

ஆபரேஷன் முடிந்த புதிதில் செம்மொழி மாதம் ஒருமுறை வந்தாள். காலை ரயிலில் வந்து, காட்டிவிட்டு, திரும்புகிற ரயில் வரைக்கும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த முறை வரும்போது அறுவடை முடிந்த வயலில் விளைந்த புது உளுந்தும், தையல் டேப்பும் கொண்டு வந்தாள். என் ரவிக்கையெல்லாம் தோளில் இறங்குகிறது என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. அளவெடுக்க அவள் என் தோளில் கை வைத்தபோது, என்னை ஒருவர் தொட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். நாள் முழுக்க அடுத்தவர்களைத் தொடுகிற வேலை எனக்கு. என்னைத் தொடுவதற்கு யாருமில்லை. அம்மா போன பிறகு இந்த வீட்டில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். "ஷோபனாக்கா, தண்ணி கொதிக்குது பாருங்க" என்பாள். அவ்வளவுதான். அது எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு ஒருநாள் டாக்டர், "எல்லாம் நல்லா ஆறிடுச்சு, இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்னு சொல்லிடுங்க ஷோபனா" என்றார். நான் வெளியே வந்து அவளிடம், "மாசாமாசம் பாக்கணுமாம். ஓ.பி.ல காத்துக் கெடக்க வேணாம், வீட்டுக்கே வந்துடு, நானே பாத்துடுறேன்" என்றேன். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. அவளும் சந்தோஷமாகத்தான் வந்தாள்.

சில வருஷங்கள் அப்படிப் போயின. என் வாழ்க்கையில் நல்ல வருஷங்கள் என்றால் அவைதான்.

இடையில் ஒருநாள் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். சொரசொரப்பு வகையில் சிலவற்றை நிறுத்திவிட்டார்கள் என்றார். அதை வைத்துக்கொண்டவர்களில் மிகச் சிலருக்கு, பல வருஷம் கழித்து, பையைச் சுற்றி வளரும் சவ்வில் வேறொரு புற்றுநோய் வருகிறதாம். தொந்தரவு இல்லாதவர்கள் பயந்துபோய் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பக்கம் புதிதாக வீங்கினால் உடனே பையைச் சுற்றிச் சேர்ந்த நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். சீக்கிரம் தெரிந்து, பையையும் சவ்வையும் முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். வேலையில் நான் எப்போதும் கவனமானவள்.

அதற்கு அடுத்த வருஷம், சம்பா நடவு முடிந்த சமயம், செம்மொழி இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஜாக்கெட்டு எடது பக்கம் புடிக்குதுக்கா. சோறு ஜாஸ்தியாப் போச்சுன்னு பாத்தா வலது பக்கம் லூசாத்தான் இருக்கு."

தொட்டுப் பார்த்தேன். உள்ளே நீர் தளும்பியது. என்ன என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, தெரிந்துதான் சொன்னேன். "நாளு முழுக்க மெஷின்ல குனிஞ்சே இருக்கே, நீர் கோத்துருக்கு. தானா வத்திடும். ஒரு தையல் பிரிச்சு விட்டுக்க."

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது நீங்கள்தான் பூவிழி. மெஷினை விற்றுவிட்டுச் சென்னைக்கே வந்துவிடு என்று நீங்கள் அவளைப் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தீர்கள். நான் உண்மையைச் சொன்னால் டாக்டர் சென்னைக்கு அனுப்புவார். நீங்கள் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போவீர்கள். ஆபரேஷன், அதன் பிறகு உங்கள் வீட்டில் ஓய்வு, உங்கள் பிள்ளைகள். குணமான பிறகு அவளுக்குத் தஞ்சாவூரில் என்ன வேலை? வருஷத்துக்கு ஒரு போன் வந்திருக்கும். பொங்கலுக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதமும் வந்தாள். இன்னொரு தையல் பிரித்தாள். ரவிக்கையில் அவள் ஓரத் தையல் போக, பக்கத்துக்கு மூன்று வரி உள்தையல் போடுவாள், பின்னால் உடம்பு வைத்தால் பிரித்துவிட வசதியாக. இதோ, இதில் இரண்டாவது வரி இருந்த இடத்தில் ஊசித் துளைகள் தெரிகின்றன பாருங்கள். அதை இந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நானே பிளேடால் பிரித்துக் கொடுத்தேன். அவளுக்குக் கை தூக்கினால் வலிக்க ஆரம்பித்திருந்தது.

வருஷாந்தர பரிசோதனையும் வந்தது. இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வந்தீர்கள் என்று நினைக்கிறேன், டாக்டர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையா என்று. அன்றைக்கு அவர் திரைக்கு அந்தப் பக்கம் கையெட்டும் தூரத்தில் இருந்தார். செம்மொழி ரவிக்கையை அவிழ்த்துவிட்டு என் காதருகில் மெதுவாகக் கேட்டாள்.

"சார்கிட்டயும் காட்டிடலாமாக்கா? எனக்குக் கூச்சமெல்லாம் இல்ல இப்ப."

அவளுக்குக் கூச்சம் போய்விட்டிருந்தது. பயம் வந்தால் கூச்சம் போய்விடும். நான் அவள் தோளில் கை வைத்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பிறகு எப்போதும் சொல்கிற குரலில்தான் சொன்னேன். "நல்லா இருக்கு சார்."

"வெரி குட். அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்றார்.

செம்மொழி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் என்னை அவ்வளவு நம்பினாள். அன்றைக்குத் தக்காளிச் சட்னி அரைத்தேன், இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

அக்குளில் கட்டி வந்து, நீங்கள் மறு வருஷம் தீபாவளிக்கு ஊருக்கு வந்து பார்த்துப் பதறிச் சென்னைக்குக் கொண்டுபோனதெல்லாம் உங்களுக்கே தெரியும். முதலிலேயே எடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று அங்கே சொன்னார்களாம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். உங்கள் அக்கா சாகக் காரணம் நான். போலீசில் எழுதிக் கேட்டாலும் எழுதிக் கொடுக்கிறேன், ஒரு வார்த்தை மாற்றமாட்டேன். டாக்டரை விட்டுவிடுங்கள், அவர் என்னை நம்பியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

நீங்கள் அழுவது எனக்குப் புரிகிறது. போகும்போது அந்தப் பச்சை ரவிக்கையை மட்டும் வைத்துவிட்டுப் போக முடியுமா? அதில் மூன்று வரியும் நான் பிரித்தவை.

ஒன்றை மட்டும் நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கடைசிச் சில வாரம்தான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். முதல் தையல் பிரித்த நாளிலிருந்தே அவளுக்கு என்ன என்று தெரிந்து, மாதம் தவறாமல் கூட இருந்தவள் நான். உங்கள் அக்காவை நான் ஒருநாளும் தனியாக விடவில்லை.