நனையாத கைத்துணி

என் பேச்சு எப்போது முடியும் என்று மணியின் மேல் கை வைத்துக் காத்திருக்கும் மாண்புமிகு சங்கத் தலைவர் அவர்களே, முழங்கால் வலியை வீட்டில் விட்டுவிட்டு முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைத்தோமா இல்லையா என்று இப்போது யோசிக்கும் தாய்மார்களே, பணிமனையிலிருந்து சீருடையோடு ஓடிவந்த பேருந்துத் தோழர்களே, சலவைக்கடையில் ஊரார் சட்டைக்கு இஸ்திரி போட்டே ஒரு வீராங்கனையை வளர்த்தெடுத்த என் அருமைத் தோழியே, பெற்ற பதக்கத்தைக் கழுத்தில் அணியாமல் பைக்குள் வைத்துக்கொண்டு இந்த மேடையில் அமர்ந்திருக்கும் அவள் மகள் குண்டுமணியே, அனைவரையும் வணங்குகிறேன்.

நான் யார் என்று பின்வரிசையில் கேட்பது காதில் விழுகிறது. குத்துச்சண்டை வளையத்தில் ஏறும் முன் குண்டுமணியின் கைகளில் துணி சுற்றிவிடுபவள் நான். உறைக்குள் கை நுழையும் முன் விரல் விரலாக, மணிக்கட்டு வரைக்கும் ஒரு நீளத் துணியைச் சுற்ற வேண்டும். தளர்ந்தால் எலும்பு போகும், இறுகினால் இரத்தம் நிற்கும். சுற்றுபவளும் நான், சண்டை முடிந்ததும் அவிழ்ப்பவளும் நான். குண்டுமணிக்கு மேடையில் வாயால் பேச வராது, கையால் பேசித்தான் பழக்கம். அதனால் என்னைப் பேசச் சொன்னாள். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான் அந்தச் சிரிப்பு.

என் தலைக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். நம் பெண் குத்துகிறாள், எதிரி நாட்டுப் பெண் மல்லாந்து விழுகிறாள். 'எதிரியை வீழ்த்திய எங்கள் எரிமலையே' என்று எழுத்து வேறு எரிகிறது. அழகான படம். ஆனால் எங்கே எடுத்த படம்? எவர் எடுத்த படம்? என்றைக்கு எடுத்த படம்? அச்சகக்காரரைக் கேட்டேன். படம் கிடைக்கவில்லை என்றும், வேறு யாரோ இருவர் உடம்பில் முகங்களை மட்டும் ஒட்டிவிட்டதாகவும் சொன்னார். அவர்மேல் தப்பில்லை. நடக்காத சண்டைக்குப் படம் எப்படிக் கிடைக்கும்?

ஆம், அந்த இறுதிச் சண்டை நடக்கவே இல்லை. எதிராளியின் எடை கூடிவிட்டது, அதனால் நம் பெண்ணுக்குத் தங்கம் என்று செய்தியில் ஒரு வரி படித்தீர்கள். நன்றாகத் தின்றுவிட்டு வந்திருப்பாள் என்று தேநீர்க்கடையில் சிரித்தும் இருப்பீர்கள். உலகமே வேடிக்கை பார்த்த ஒரு போட்டியில் என் கண் பார்த்ததை இன்றைக்குச் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணை நாங்கள் நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். போர் வரும் முன்பு எத்தனையோ போட்டிகளில் இருவரும் மோதியிருக்கிறார்கள். போருக்குத்தான் நாடு இரண்டு, எல்லைக்கு இருபுறமும் பேச்சு ஒன்றே. குண்டுமணியின் மூக்கு கொஞ்சம் கோணியிருக்கிறதே, அது நெட்டை தந்த பரிசு. மூக்கை உடைத்துவிட்டு ஐஸ்கட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடிவந்தவளும் அவளே. குத்தும் அவளே, மருந்தும் அவளே.

இறுதிச் சண்டை அன்று காலை எடை பார்க்கும் அறையில் இருந்தேன். சுவரோரம் இரும்பு அலமாரிகள், ஈரத் தரை, உள்ளறையில் எடைக்கருவி. குண்டுமணி இன்னும் வரவில்லை. நெட்டை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எடை குறைப்பதற்காக முந்தைய நாளிலிருந்தே தண்ணீர் தொடாதவள். உதடு வெடித்திருந்தது. எச்சிலைக்கூட விழுங்காமல் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தாள், எச்சிலும் எடைதானே. ஓரத்திலிருந்த சின்னக் கருவியில் ஏறிப் பார்த்தாள், எடை சரியாக நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, இன்னைக்கு அவ மூக்கை நேராக்கி அனுப்பிடறேன்."

அப்போது அவர்கள் அணியின் அதிகாரி அம்மா ஒருவர், அலமாரி மறைவில் நின்ற என்னைக் கவனிக்காமல் உள்ளே வந்தார். கையில் ஒரு பெட்டி தண்ணீர்ப் புட்டிகள். எடை பார்த்து முடித்ததும் குடிப்பதற்காக இருக்கும், எவ்வளவு அக்கறை என்று நானும் மெச்சிக்கொண்டேன். அவர் மூடியைத் திருகி நீட்டினார்.

"குடி."

"இன்னும் எடை பாக்கலைங்க மேடம்."

"அதனாலதான் குடிங்கறேன்."

நெட்டைக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "உன் தம்பி எல்லையிலதானே இருக்கான்? அவன் எங்க நிக்கணும்னு முடிவு பண்றவங்கதான் இதைச் சொல்லச் சொன்னாங்க" என்றார்.

நெட்டை குடித்தாள். ஒரு புட்டி குடித்தாள், இன்னொன்று குடித்தாள், வாந்தி எடுத்தாள், துடைத்துக்கொண்டு மறுபடியும் குடித்தாள். கண்ணிலும் தண்ணீர், வாயிலும் தண்ணீர். தவித்த வாய்க்குத் தண்ணீர் கொடுப்பது புண்ணியம் என்றுதான் நாம் அத்தனை பேரும் கற்றிருக்கிறோம். தவித்த வாய்க்குத் தண்ணீர் கொடுத்தே ஒருத்தியின் வாழ்நாள் உழைப்பை மூழ்கடிக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் உள்ளறைக்குப் போய்க் கருவியில் ஏறினாள். முள்ளைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாலையில் அரங்கம் நிரம்பி வழிந்தது. நடக்காது என்று காலையிலேயே தெரிந்த சண்டைக்கு மாலை வரைக்கும் டிக்கெட் விற்றார்கள். ஒரு குடும்பத்தின் மாதச் சாப்பாட்டுச் செலவு ஒரு நாற்காலிக்கு. அந்த அரங்கத்துக்குப் போகும் சாலையெங்கும் மரங்கள் வரைந்த தட்டிகளை நிறுத்தியிருந்தார்கள். காற்றில் ஒரு தட்டி விலகியபோது பேருந்து சன்னல் வழியே பார்த்தேன். பாதி இடித்த வீட்டின் மீதிப் பாதியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டை இடித்துப் போட்டிக்கு இடம் கண்டார்கள், பிறகு அந்தப் போட்டியையும் இடித்தார்கள். இதற்குப் பெயர் விளையாட்டா?

துணி சுற்றி, உறை மாட்டி, குண்டுமணியை வளையத்தில் ஏற்றினேன். எதிர்மூலை காலி. நடுவர் அவள் கையைப் பிடித்துத் தூக்கினார், கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. யாரை வென்றதற்கு ஆர்ப்பரித்தார்கள்? கீழே இறங்கி வந்தவளுக்குத் துணியை அவிழ்த்தேன். எப்போதும் வியர்வையில் ஊறி, பிழிந்தால் சொட்டும் துணி. அன்றைக்கு நான் சுற்றும்போது எப்படி இருந்ததோ அப்படியே காய்ந்து வந்தது. இதோ, கையோடு கொண்டுவந்திருக்கிறேன், நீங்களே பாருங்கள்.

என்ன ஐயா சொன்னீர்கள்? எதிரி புத்தி இப்படித்தான் இருக்கும் என்கிறீர்களா? அங்கே கை வேறு தட்டுகிறார்கள். தட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

அன்றைக்குக் காலை எடை அறையிலிருந்து நான் பதறிப்போய் நேரே நம் அணி மேலாளர் அறைக்கு ஓடினேன். பார்த்ததையெல்லாம் கொட்டினேன். அவர் திடுக்கிடவில்லை. கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினார். அங்கேயும் ஒரு பெட்டி தண்ணீர் இருந்தது.

"அவங்க முந்திக்கிட்டாங்கம்மா" என்றார். "நமக்கும் உத்தரவு வந்துச்சு. அவங்க கொஞ்சம் தாமதிச்சிருந்தா, நம்ம பொண்ணு குடிச்சிருப்பா."

தட்டிய கைகளை இறக்கிவிட்டீர்கள். எதற்கு இந்த உத்தரவு, நம் பெண் தோற்றுவிடுவாள் என்ற பயமா என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது. "ஜெயிச்சாலும் தோத்தாலும் கடைசியில ரெண்டு பேரும் கட்டிப்பிடிப்பாங்க. அந்தப் படம் வெளியே வரக்கூடாதுன்னாங்க."

கேட்டீர்களா பெரியோர்களே? குத்துக்கு அவர்கள் அஞ்சவில்லை. குத்தி முடித்த பிறகு வரும் அணைப்புக்கு அஞ்சினார்கள். பீரங்கி வாங்கக் காசு இருக்கிறது, அரங்கம் கட்டக் காசு இருக்கிறது, இரண்டு பெண்கள் தோளில் கை போட்டுக்கொள்வதைப் பார்க்க மட்டும் திராணி இல்லை. இரண்டு தலைநகரம், இரண்டு கொடி, இரண்டு கொள்கை. தண்ணீர்ப் பெட்டியில் மட்டும் எத்தனை ஒற்றுமை பாருங்கள்.

மேலாளர் ஐயா இதே மேடையில்தான் இருக்கிறார். நான் சொன்னதில் ஒரு சொல் பொய் என்றால் எழுந்து சொல்லட்டும். அவர் எழவில்லை. இன்றைக்கு இதைத்தான் பேசுவேன் என்று முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். தெரிந்தும் வந்திருக்கிறார், அதற்காக அவரை மதிக்கிறேன். குண்டுமணியைப் பெற்றவளே, நீ ஏன் எழுந்து நிற்கிறாய்? 'எம்பொண்ணுக்குமா?' என்று கேட்கிறாள். ஆமாம் தோழி, உன் பெண்ணுக்கும்தான். உட்காரம்மா, யாராவது அவளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

தலைவர் மணியை அடிக்கிறார். அடியுங்கள் ஐயா, முடித்துவிடுகிறேன்.

எடையைக் காக்கத் தெரியாதவள் என்று சொல்லி நெட்டைக்கு அவள் நாடே தடை போட்டுவிட்டது. தண்ணீர் கொடுத்த கையே தண்டனையும் கொடுத்தது. போன வாரம் யார் யார் கைபேசி வழியாகவோ சுற்றி வந்து குண்டுமணிக்கு அவள் குரல் கேட்டது. அழவில்லை, புலம்பவில்லை. "மூக்கைப் பத்திரமா வச்சுக்கோடி, ஒருநாள் வர்றேன்" என்றாள். அவ்வளவுதான்.

சங்கம் நம் தெருமுனையில் தங்க நிறக் கையுறை வைத்து வளைவு கட்டப்போவதாகக் கேள்விப்பட்டேன். குண்டுமணி அந்த வளைவு வேண்டாம் என்கிறாள். அந்தப் பணத்தில் நம் பயிற்சிக்கூடத்துக் கூரையின் ஒழுகலை அடைத்துவிட்டு, நடுவில் ஒரு வளையம் கட்டிக்கொடுங்கள். கொடி வேண்டாம், வாத்தியம் வேண்டாம். எல்லை என்றைக்குத் திறக்கிறதோ அன்றைக்கு இருவரும் மோதட்டும். அதுவரை பதக்கம் பையிலேயே இருக்கும். நெட்டை வென்றால் நெட்டைக்குப் போகும். தோற்றுவிட்டால் என்னடி செய்வாய் என்று கேட்டேன். "அடி வாங்கித் தோத்துட்டுப் போறேன்க்கா. சும்மா ஜெயிச்சதுதான் வலிக்குது" என்றாள்.

தோழி, உன் சலவைக்கடைக்கு இந்தத் துணியை நான் இன்னும் அனுப்பவில்லை. துவைக்க இதில் என்ன இருக்கிறது? இது வியர்வையில் நனையும் நாளில் முதல் வேலையாக உன்னிடம்தான் கொண்டுவருவேன்.

அங்கே பாருங்கள், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே குண்டுமணி எழுந்து போய்விட்டாள். பதாகையின் கயிற்றை அவிழ்க்கப் பார்க்கிறாள். முடிச்சு இறுகிக் கிடக்கிறது போலிருக்கிறது. மேலாளர் ஐயா, பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், எழுந்து அவளுக்கு ஒரு கை கொடுங்கள்.

கொடுத்துவிட்டார்.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், அடித்த மணியை மறுபடி அடிக்காமல் விட்ட தலைவருக்கும், அடுப்பை மறந்துவிட்டு உட்கார்ந்திருந்த தாய்மார்களுக்கும், எல்லைக்கு அப்பால் எங்கோ கயிறு தாண்டிப் பயிற்சி செய்துகொண்டிருக்கும் எங்கள் நெட்டைக்கும் என் நன்றி, என் வணக்கம்.