வெயிலுகந்தாள் நடுவில் படுத்த நாற்பது நாள்

இப்போது நிற்கிற பனைகள் எல்லாம் கொட்டையாகக்கூட இல்லாத காலத்தில், செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரம், உடைகுளம் என்று ஓர் ஊர் இருந்ததாம். ஆண்கள் பனையேறிப் பதநீர் இறக்குவார்களாம். பெண்கள் விடிலி என்கிற ஓலைக் குடிசையில் அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்களாம். அந்த ஊரில் வெயிலுகந்தாள் என்று ஒருத்தி. எனக்கு ஆறு தலைமுறைக்கு முந்தியவள். நல்லவள் என்று சொல்லமாட்டேன். சந்தேகக்காரி. நாய் குரைத்தால் யார் வந்தது என்று கேட்பாள். குரைக்காவிட்டால் ஏன் குரைக்கவில்லை என்று கேட்பாளாம்.

அவளுக்கு ஒரு தம்பி, கோயில்பிச்சை. அவன் பெண்டாட்டி சொர்ணக்கிளி, வெயிலுகந்தாளை மைனி என்று கூப்பிடுகிறவள், தலைப்பிள்ளை பெற்று இருபது நாள் ஆகியிருந்தது. பிள்ளை அழும், இவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பால் கட்டிச் சேலை நனையும், எழுந்திருக்கமாட்டாள். மாமியார் தூக்கி மடியில் போட்டால் கொடுப்பாள். கொடுத்து முடித்ததும் பிள்ளையைப் பாயில் விட்டு, தள்ளிப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாளாம்.

அந்த வீட்டில் வெட்டுகிற சாமான்கள் காணாமல் போகத் தொடங்கின. முதலில் அரிவாள்மணை. பிறகு ஓலை கிழிக்கிற கத்தி. பிறகு கோயில்பிச்சை பாளை சீவுகிற அரிவாள்.

பக்கத்து வீட்டில் இருந்த வெயிலுகந்தாள் சும்மா இருப்பாளா? ஒரு நாள் உச்சிவெயிலில் வேலி இடுக்கில் கண்ணை வைத்தாளாம். சொர்ணக்கிளி இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வெளியே போகிறாள். இவள் விடிலிக்கு ஓடினாள்.

"தம்பி பெஞ்சாதிக்குக் கோட்டி பிடிச்சிட்டு. அருவாளும் கையுமா அலையுதா!"

எங்கள் பக்கத்தில் கோட்டி என்றால் பைத்தியம். அந்தச் சொல் விடிலி விடிலியாகப் போனதாம். போன இடத்தில் எல்லாம் புதுப் பேர் எடுத்ததாம். ஒருத்தி பேய் என்றாள். ஒருத்தி கிறுக்கு என்றாள். வைத்தியர் பித்தம் தலைக்கேறிவிட்டது என்றார். மாமியார் திமிர் என்றாள். பேர் எதுவானால் என்ன, மருந்து ஒன்றுதான் என்று ஊர் முடிவு செய்ததாம். வெள்ளிக்கிழமை அவளைக் கோயில் தோப்புச் சங்கிலியில் கட்டுவது. பிள்ளையை மாமியார் வைத்துக்கொள்வது. அந்தச் சங்கிலிக்குப் போய்த் திரும்பி வந்தவர்களை யாரும் கண்டதில்லையாம்.

அதுவரை அவளைக் கண்காணிக்க வெயிலுகந்தாளைத்தான் வைத்தார்கள். வியாழக்கிழமை உச்சிவெயிலில் சொர்ணக்கிளி மறுபடி கிளம்பினாள். இவள் பின்னாலேயே போனாள். தேரி மணலில் அவள் குழி தோண்டுகிறாள். இவள் பாய்ந்து கையைப் பிடித்தாளாம்.

"ஏட்டி, என்ன பண்ணுத? யாரை வெட்டப் பாக்க?"

"மைனி, என் கையை எனக்கே நம்ப முடியலை. பிள்ளையப் பாத்தா, வெட்டிருவியோ வெட்டிருவியோன்னு உள்ள ஒரு நெனப்பு வருது. வேண்டாம்ங்கேன், போவமாட்டேங்குது. அதான் கண்ணுல படுறதை எல்லாம் கொண்டாந்து புதைக்கேன்."

"யார்கிட்டயாவது சொன்னியாட்டி?"

"சொன்னா என்ன பேர் வைப்பியளோ?"

அப்போதும் வெயிலுகந்தாள் நம்பவில்லையாம். தானே மண்டியிட்டுத் தோண்டினாள். ஏழு இருந்தன. ஒவ்வொன்றும் பழந்துணியில் சுற்றி, நார்க்கயிற்றால் இறுக்கி, முடிச்சுக்கு மேல் முடிச்சு. போட்டவளாலேயே அவிழ்க்க முடியாத முடிச்சு.

வெள்ளிக்கிழமை காலை வண்டி வந்து நின்றது. வெயிலுகந்தாள் வழியை மறித்தாள். ஊர்த்தலைவர் சித்திரக்குட்டிக்குக் கோபம்.

"கோட்டிக்காரிக்கு வக்காலத்தா? தள்ளு தாயி."

"கோட்டின்னா என்ன அண்ணாச்சி?"

"கோட்டின்னா கோட்டிதான்!"

சிரித்தார்களாம். அவள் சிரிக்கவில்லை. பேய் என்றவள் பக்கம் திரும்பினாள்.

"நீ என்னட்டி கண்டே?"

"தலையை விரிச்சுப் போட்டிருந்தா."

"பிள்ளை பெத்தவ தலையில நீ ஒரு கை எண்ணெய் வச்சியா? வைத்தியரே, நீங்க என்ன கண்டிய?"

"நான் காணலை. தூங்கலைன்னு சொன்னாவ."

"அம்மா, திமிருன்னியே?"

"பிள்ளையத் தூக்கமாட்டேங்கா. வேற என்ன சொல்ல?" என்று மாமியார் அழுதுவிட்டாளாம்.

கூட்டத்தில் ஒரு குரல், "முதல்ல சொன்னது நீதானே!" என்றது.

"ஆமா, நான்தான். அருவா எடுத்ததைக் கண்டேன். எங்க கொண்டு போனான்னு காணலை. காணாமலே பேர் வச்சிட்டேன்." ஏழு பொட்டலத்தையும் தலைவர் காலடியில் போட்டாள். "பிள்ளைய வெட்டிருவோமோன்னு ஒரு நெனப்பு வருதுன்னு பயந்து, அவளே கொண்டு புதைச்சது இது. அவுத்துப் பாருங்க."

தலைவர் நகத்தால் முயன்றார். பல்லால் கடித்தார். முடிச்சு அசையவில்லை.

"வெட்டப் போறவ இப்படியா அண்ணாச்சி கட்டுவா?"

ஆனால் தலைவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். "நாளைக்கு அந்த நெனப்பு ஜெயிச்சிட்டா? பிள்ளை உசுருக்கு யாரு பொறுப்பு?"

"நான். நாப்பது நாள் ரெண்டு பேருக்கும் நடுவுல படுக்கேன். பிள்ளை மேல ஒரு கீறல் விழுந்தா, அந்தச் சங்கிலிய என் கால்ல போடுங்க."

நம்பிக்கையோடு படுத்தாள் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. சொர்ணக்கிளி புரண்டால் "என்னட்டி?" என்பாளாம். இருமினால் "என்னட்டி?" என்பாளாம். விடிந்ததும் பிள்ளையை அவள் மடியில் வைத்து, அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் தான் பிடித்துக்கொள்வாளாம். "உன் கையை நான் பிடிச்சிருக்கேன். நீ பிள்ளையப் பிடி." தினமும் இப்படி. முப்பத்தேழாம் நாள் சொர்ணக்கிளி, "விடுங்க மைனி" என்றாள். விட்டாளாம். பார்வையை மட்டும் விடவில்லையாம்.

மாமியார் சாகிற வரைக்கும் அரிவாள்களை எண்ணிக்கொண்டுதான் இருந்தாளாம். சந்தேகம் ஓர் ஊரைவிட்டு ஒரே நாளில் போய்விடாது. ஆனால் இரண்டாம் பிள்ளை பிறந்தபோது, சொர்ணக்கிளி தானே வெட்டுகிற சாமான் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வேலியோரம் வந்து நின்றாள். "மைனி, அது திரும்ப வருது." வெயிலுகந்தாள் ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்தாளாம்.

அதனால்தான் உடைகுளத்தில் இன்றைக்கும், பிள்ளை பிறந்த வீட்டு அரிவாளும் கத்தியும் நாற்பது நாள் நாத்தனார் வீட்டில் இருக்கும். காய்கறி அங்கிருந்து நறுக்கி வரும். பிள்ளை பெற்றவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால், அந்த ஊரில் கோட்டி என்றோ பேய் என்றோ சொல்வதில்லை. "அவ அருவா ஒளிச்சிருக்கா" என்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே யாரும் விளக்குவதில்லை. அதைக் கேட்டதும் யாராவது ஒருத்தி தன் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள்.