முதல் உப்பு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நீடாமங்கலம் குணசேகரனின் அக்கா புருஷனுக்கு நடந்தது. பெயர் வைரக்கண்ணு.

சாயங்காலம் ஆறே கால். வேதாரண்யம் தாண்டி கோடியக்கரைக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற ஒரு மண் பாதை. இரண்டு பக்கமும் உப்பளம். விளக்கு கிடையாது. ஒரு குட்டி லாரியில் தட்டுமுட்டுச் சாமான், வைரக்கண்ணு, மனைவி ஆனந்தவல்லி, ஏழு வயது மகள் குந்தவை. பாதை முடிகிற இடத்தில் அவர்கள் கட்டிய புது வீடு. கண்ணுக்கு எட்டிய வரை வேறு கூரை இல்லை.

பாபநாசத்தில் பாகத்துக்கு வந்த நிலத்தை விற்று வாங்கிய தரிசு அது. அதை நெல் வயலாக்க வேண்டும். ஆகாவிட்டால் திரும்பிப் போக ஊரில் ஒரு குழி மண் இல்லை. அந்த இடத்தில் குடியேறும் முதல் குடும்பம் தாங்கள்தான் என்பதில் அவனுக்குப் பெருமை.

வாசலில் ஆனந்தவல்லி நின்றுவிட்டாள்.

"ஏங்க... உப்பு?"

புது வீட்டுக்குள் முதலில் நுழைய வேண்டியது உப்பு. ஜாடி இருந்தது. பாக்கெட், பாபநாசத்து அடுப்படியிலேயே தங்கிவிட்டது. கடைக்கு எட்டுக் கிலோமீட்டர்.

"உப்பு இல்லாம நான் படி ஏற மாட்டேன்."

"சுத்தி உப்பாக் கெடக்கு, மகாராணிக்குப் பாக்கெட் உப்புதான் வேணுமாம்!"

சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் பின்னால் போனான். அங்கே ஒரு சின்ன மேடு. அதன் மேல் உப்பு, சோறு வடித்துக் கொட்டியதுபோல் வெள்ளையாகப் பூத்திருந்தது. கையால் வழித்தான். அரை ஜாடி தேறியது. குந்தவையிடம் கொடுத்தான்.

"வலது கால வச்சு உள்ள போ, தங்கம்."

அவள் போனாள்... பின்னால் இவர்கள் போனார்கள்.

உப்பு மண்ணை எப்படி இனிக்க வைப்பது? சொல்கிறேன், வேலை லேசானதுதான். வரப்பை உயர்த்தி மழைத் தண்ணீரைத் தேக்க வேண்டும். சேற்றைக் கலக்கி உழ வேண்டும். மண்ணில் இருக்கும் உப்பு தண்ணீரில் கரையும். அந்தத் தண்ணீரை, வயலை ஒட்டிக் கடலுக்குப் போகும் ஓடைக்கு வடித்துவிட வேண்டும். அதற்கு வைரக்கண்ணு ஓடைக் கரையின் அடியில் ஒரு குழாய் பதித்தான். குழாயின் ஓடைப் பக்க வாயில் ஒரு பலகைக் கதவு, மேலே மட்டும் கீல். கடல் ஏறினால் ஓடைத் தண்ணீர் கதவை அழுத்தி மூடிவிடும். டப். கடல் வற்றினால் வயல் தண்ணீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். ஆள் வேண்டாம், மோட்டார் வேண்டாம். உள்ளே இருப்பது வெளியே போகலாம். வெளியே இருப்பது உள்ளே வர முடியாது.

அப்படித்தான் அவன் நினைத்தான்.

வடிகிற தண்ணீரைத் தினமும் விடிந்ததும் விரலில் தொட்டு நாக்கில் வைப்பான். ஐப்பசியில் கரித்தது. கார்த்திகையில் கரிப்பு குறைந்தது.

வீட்டுக்குள் வேறு கதை. ஆனந்தவல்லி எவ்வளவு உப்புப் போட்டுச் சமைத்தாலும் சோறு சப்பென்று இருந்தது. "உப்பே இல்லம்மா" என்று குந்தவை தட்டைத் தள்ளினாள். தினமும்.

சாமி மாடத்தில் வைத்த ஜாடியை ஆனந்தவல்லி காட்டினாள். "அரை ஜாடிதானே வச்சோம்? முக்காலுக்கு வந்திருக்கு பாருங்க."

"மழைக்காலம்ல? ஈரத்தக் குடிச்சு உப்பு பொங்கும்."

நல்ல விளக்கம். அவனும் நம்பினான்.

மார்கழியில் ஒரு நாள், மீன் கொண்டுவந்த மாரியப்பன் வயலைப் பார்த்துச் சிரித்தார். "பாபநாசத்துக்காரரு வுட்டா கடலையே பாயசமாக்கிப்புடுவாரு!" பிறகு வீட்டுக்குப் பின்னால் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"தம்பி... அந்த மேட்ட யாரு சொரண்டுனது?"

"ஏண்ணே?"

"அதுவும் வீடுதான். உங்களுக்கு முந்தி வயல் போட வந்த குடும்பம். புருஷன், பொண்டாட்டி, ஒரு பொம்பளப் புள்ள. ஒரு புயல்ல கடல் ஏறுச்சு... செவுரு கரைஞ்சு அப்புடியே மூடிருச்சு. பொணத்தக்கூட யாரும் எடுக்கல. அந்த உப்ப நாங்க தொடறதில்ல."

வைரக்கண்ணு மீனை வாங்கிக்கொண்டான். ஜாடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னால் ஆனந்தவல்லி அன்றே கிளம்பிவிடுவாள். மண் இனிக்க இன்னும் நாலைந்து நாள்தான்.

நாலாம் நாள் விடிகாலை, கடல் நன்றாக வற்றியிருந்த நேரம். ஓடையில் வெறும் சேறு... நண்டு வளை... அழுகிய பாசி வாடை. கதவு திறந்து வயல் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

டப்.

மூடிக்கொண்டது.

வைரக்கண்ணு கரைமேல் நின்று டார்ச் அடித்தான். ஓடையில் கதவை அழுத்தத் தண்ணீரே இல்லை. சேற்றில் ஒரு தடமும் இல்லை. கதவு மெல்லத் திறந்தது. மறுபடி மூடியது. டப்... டப்... சின்னக் கை தட்டுவதுபோல. பிறகு நின்றது. தண்ணீர் வடியத் தொடங்கியது.

கீழே இறங்கி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

உப்பில்லை. துளிகூட இல்லை!

பயமெல்லாம் பறந்தது. ஓடினான். "ஆனந்தா! மண்ணு இனிச்சிருச்சுடி! தைக்கு நாத்து வுட்டுறலாம்!"

ஆனந்தவல்லி சாமி மாடத்தின் முன்னால் நின்றாள். ஜாடி விளிம்பு வரை நிறைந்து, தரையில் உப்பு வழிந்திருந்தது. அதில் வழுக்கி விழுந்த குந்தவை, முட்டி சிராய்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லடா... ஒண்ணுமில்ல..." மகளைத் தூக்கி, நனைந்த கன்னத்தில் முத்தமிட்டான். கண்ணீர் உதட்டில் பட்டது.

மூன்று மாதப் பழக்கம். நாக்கு தானாகவே ருசி பார்த்தது.

கரிக்கவில்லை. பச்சைத் தண்ணீர்.