ஏழு செகண்ட்

சிரிங்க, பரவாயில்ல. ஃபோன்லயும் சிரிச்சீங்க. ஏழு செகண்டுக்காக ஒரு ஆளை வீட்டுக்கு வரச் சொல்ற பொம்பளையை நீங்க இதுக்கு முன்னாடி பார்த்திருக்க மாட்டீங்க. வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்ததா? ஃபோன்ல ரெண்டு தடவை கேட்டீங்களே, அதான். வாங்க, உள்பக்கம் போங்க. ஆமா, அதே ரூம்தான். ஸ்விட்ச் பீரோவுக்குப் பின்னாடி இருக்கு. புதுசா வர்றவங்க எல்லாரும் சுவரைத் தடவிக்கிட்டு நிப்பாங்க... ஓ, போட்டுட்டீங்களா. கெட்டிக்காரர்தான்.

உட்காருங்க. அவர் இல்ல, வெளிய போயிருக்காரு, அவர் தம்பி விஷயமா. நேத்துப் போனவரு இன்னும் வரலை. அதனால என்ன, இது என் வேலைதானே, அவர்கிட்ட எதுக்குக் கேக்கணும்?

அக்கான்னு கூப்பிடாதீங்க. கோவிச்சுக்காதீங்க, அந்தச் சொல்லை ஏற்கனவே ஒருத்திக்குக் கொடுத்தாச்சு. மேடம்னே சொல்லுங்க. சொல்றவங்களுக்கும் வலிக்காது, கேக்குறவங்களுக்கும் வலிக்காது.

சரி, கம்ப்யூட்டர் பட்டனை அமுக்குங்க. நான் சொல்றது இப்ப உங்களுக்கே தெரியும். பாருங்க. கறுப்புத் திரை, அதுல நாலு வரி. முதல் வரி அவர். ரெண்டாவது வரி நான். ஒரே பெட்டி, அவருக்கு ஒரு சிஸ்டம், எனக்கு ஒரு சிஸ்டம், ரெண்டு குடித்தனம். மூணாவது, நாலாவதெல்லாம் பழுது பார்க்கிறவங்களுக்குன்னு வச்சிருக்கான், உங்களுக்குத் தெரியாததா. கீழ எண்ணிக்கை இறங்குது பாருங்க. பத்து, ஒம்பது, எட்டு. அம்புக்குறி பட்டனை அமுக்கி ரெண்டாவது வரிக்கு வந்தா என் பக்கம் திறக்கும். எதையும் தொடலைன்னா தானா அவர் பக்கம் போயிடும். இந்த வீட்ல எல்லாமே அப்படித்தான்.

இந்தப் பத்து முன்னாடி மூணா இருந்தது. அதை மறுபடி மூணாக்கணும். அவ்வளவுதான் வேலை.

எதுக்கு மூணுன்னா... சொல்றேன், மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. இப்ப ஒண்ணுமில்ல. அவர் பட்டனை அமுக்கிட்டு மூக்குக் கண்ணாடியைத் தேடுவாரு. சட்டைப் பையில இருக்காது, மேஜையில இருக்காது, கடைசியில தலை மேல இருக்கும். அதை இறக்கி மாட்டுறதுக்குள்ள மூணு செகண்ட் ஓடிடும். மூணு வருஷமா அவர் இந்தப் பட்டியலைப் பார்த்ததே கிடையாது. ஒரே மேஜையில உட்கார்ந்து, ஒரே விசைப்பலகையைத் தட்டி, பக்கத்துல இன்னொரு வாசல் இருக்குன்னே தெரியாம இருந்தாரு. நானும் சொல்லலை. கேட்டாத்தானே சொல்றதுக்கு.

அப்படி என்ன அதுக்குள்ளன்னு கேக்குறீங்க. கேக்கலையா? முகம் கேட்டுச்சு. என் வேலை இருக்கு. பாடப் புத்தகம் அச்சடிக்கிற இடத்துல பிழை திருத்துறேன். எழுத்து ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் கண்ணு அங்க போய் நின்னுடும். வியாதி மாதிரி. கல்யாணப் பத்திரிகை வந்தா மாப்பிள்ளை பேரைப் பார்க்க மாட்டேன், ஒற்று வந்திருக்கான்னு பார்ப்பேன்.

அப்புறம் என் தங்கச்சி இருக்கா. அதாவது, அவ எழுதினது இருக்கு. அக்காவை அண்ணனுக்கும் தங்கச்சியைத் தம்பிக்குமா ஒரே வீட்ல கொடுத்தாங்க. ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கும்னு பெரியவங்க கணக்கு. எனக்கு வந்தவர் வாயே திறக்காதவரு. அவளுக்கு வந்தவன் கையை ஓங்காம ஒரு வாக்கியத்தை முடிக்க மாட்டான். எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒரே ஒரு பையோட கிளம்பிட்டா. எங்க இருக்கான்னு உலகத்துல ஒருத்திக்குத்தான் தெரியும். அது நான். அவ விலாசம், அவ வேலை பார்க்கிற இடம், எந்த வழியா போறா, எத்தனை மணிக்குத் திரும்புறா, எல்லாம் கடிதமா எழுதுவா. என் பக்கத்துல, பிழை திருத்தம் ஒம்பதுன்னு பேர் போட்ட கோப்புல வச்சிருந்தேன். அந்தப் பேரைப் பார்த்தா எவன் திறப்பான்? காகிதத்துல வச்சா எவனாவது எடுத்துடுவான், இதுதான் பத்திரம்னு அவகிட்ட நான்தான் சொன்னேன். அவ சொல்லலை. நான் சொன்னேன்.

தண்ணி வேணுமா? முகம் வேர்க்குது. ஃபேனைக் கூட்டுறேன்.

என் பக்கம் போங்க. ஆங், அம்புக்குறி. கொஞ்சம் திரும்பிக்குங்க, கடவுச்சொல் அடிக்கணும். அதுக்கு இனிமே என்ன அர்த்தம்னு தெரியலை, இருந்தாலும் ஒரு மரியாதைக்கு. ம், ஆச்சு. இப்ப அந்த அமைப்புக் கோப்பைத் திறங்க. எங்க இருக்குன்னு நான் காட்டணுமா? வேண்டாமா. சரி.

எப்படிக் கவனிச்சேன்னா, போன மாசம் பதினஞ்சாம் தேதி. வேலை முடிஞ்சு வந்து பட்டனை அமுக்கினேன். எனக்கு ஒரு பழக்கம், மனசுக்குள்ள எண்ணுவேன். மூணு, ரெண்டுன்னு எண்ணும்போதே விரல் அம்புக்குறி மேல போயிடும். அன்னைக்கு நான் எண்ணி முடிச்சுட்டேன், திரையில ஏழுன்னு நிக்குது. ஆறு. அஞ்சு. கை அப்படியே நின்னுடுச்சு. பூட்டிட்டுப் போன வீட்ல, திரும்பி வந்து பார்த்தா எல்லாம் வச்சது வச்ச இடத்துல இருக்கு, ஆனா சுவர்க் கடிகாரம் மட்டும் வேற நேரம் காட்டுது. அப்படி இருந்தது.

தானா மாறியிருக்கலாம்னா சொல்றீங்க. இந்த எண்ணு தானா மாறாதுங்க. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் அது என் பக்கத்துல இருக்கிற கோப்புல எழுதியிருக்கு. அவர் பக்கத்துல இருந்துகிட்டு அதை மாத்தணும்னா அதுக்கு அவர் இன்னும் ஏழு பிறவி எடுக்கணும். யாரோ உள்ள வந்திருக்காங்க. கடவுச்சொல் தெரியாம எப்படின்னு நாலு நாள் உட்கார்ந்து படிச்சேன். அந்த மூணாவது வரி இருக்கே, பழுது பார்க்கிறது, அது வழியா வந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்களாம். முன்வாசல்ல நான் திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டுட்டு நின்னிருக்கேன், கொல்லைக் கதவு சும்மா சாத்தியிருக்கு. அந்தக் கதவையும் பூட்டியிருக்கலாம், உள்ள இருக்கிறதையே வேற யாரும் படிக்க முடியாதபடி செஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியலை. முதுகலைப் பட்டம் இருக்கு, சுவர்ல மாட்டியிருக்கு பாருங்க, ஆனா அது தெரியலை.

வந்தவருக்கு மூணு செகண்ட் போதலை. பாவம், ரெண்டு மூணு தடவை தவறவிட்டிருப்பாரு. கையைக் கொண்டுபோறதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் பக்கம் திறந்துடும். அதனால வேலை செய்ய வசதியா பத்தாக்கியிருக்காரு. முடிச்சதும் மறுபடி மூணாக்கணும்னுதான் நினைச்சிருப்பாரு. மறந்துட்டாரு. மனுஷன்தானே.

திறந்தாச்சா? இப்ப மாத்துங்க. ஒரு நிமிஷம். மாத்துறதுக்கு முன்னாடி பழசு என்னன்னு மேல ஒரு குறிப்பு எழுதிடுங்க, பின்னாடி யாராவது பார்த்தா புரியும். ஓ, நீங்க எப்பவுமே அப்படித்தானா? நான் சொல்லாமலே செய்வீங்களா? அதுதான் வேலைக்காரனுக்கு அழகு. பாதிப் பேர் இருக்காங்க, வந்தோமா தட்டினோமான்னு போயிடுவாங்க. எழுதுங்க, எழுதுங்க. நான் பார்த்துகிட்டு இருக்கேன்.

ம்.

கையை எடுங்க. இல்ல, எதையும் அமுக்காதீங்க. அப்படியே இருக்கட்டும்.

இங்கிலீஷ்ல ஒரிஜினல்னு எழுதியிருக்கீங்க. ஓ, ஆர், அப்புறம் நேரா ஜி. நடுவுல ஒரு ஐ வரணும். விட்டுட்டீங்க. திருத்த வேண்டாம்னேன். உங்க கடை போர்டுலயும் அது இல்ல, தெரியுமா? ஒரிஜினல் பாகங்கள் மட்டுமே கிடைக்கும்னு பெருசா சிவப்புல எழுதியிருக்கீங்க, ஐ இல்லாம. அந்தத் தெருவுல கம்ப்யூட்டர் கடை பதினொண்ணு. ஒவ்வொரு போர்டா நின்னு படிச்சேன். எதிர்க் கடைக்காரர் நான் ஏதோ வரி வசூலிக்க வந்தவள்னு நினைச்சு ஷட்டரையே பாதி இறக்கிட்டாரு. எட்டாவது கடை உங்களுது. ஆனா போர்டை வேற எவனாவது எழுதியிருக்கலாம் இல்லையா? அச்சுக்காரன் தப்பை ஆசிரியர் தலையில கட்டக் கூடாது, அது எங்க தொழில்ல முதல் பாடம். அதனாலதான் உங்க கையாலயே ஒரு தடவை எழுத வச்சுப் பார்க்கணும்னு நினைச்சேன்.

இந்தாங்க, இந்தத் தாளைப் பாருங்க. இது போன மாசம் அந்தக் கோப்புல இருந்தது. நீங்க வர்றதுக்கு முன்னாடி அழிச்சுட்டேன், அழிக்கிறதுக்கு முன்னாடி அச்செடுத்துகிட்டேன். ஒரிஜினல் மூணு. ஐ இல்ல. மாத்தினது பத்து. பக்கத்துல தேதி, பதினாலு. எவ்வளவு ஒழுங்கு பாருங்க. நீங்க கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தா, நான் இன்னமும் அந்தத் தெருவுல நின்னுகிட்டு இருப்பேன்.

மூணாக்குறதா? எனக்கே தெரியுங்க. இதையெல்லாம் இந்தப் பெட்டியில போட்டதே நான்தான்.

எழுந்திரிக்கிறீங்களா? போங்க. வாசக் கதவு திறந்துதான் இருக்கு, நான் ஒண்ணும் தாப்பாள் போடலை. கடை எங்கன்னு எனக்குத் தெரியும்.

உட்காருங்க. நான் உங்களைத் திட்டலை. ஒரு நாள் கண்ணாடி முதல்லயே மூக்கு மேல இருந்திருக்கும், எங்க வீட்டுக்காரர் பட்டியலைப் பார்த்திருப்பாரு. உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டாரு? குடும்பப் படமெல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு, எடுத்துக் கொடுங்கன்னா? அப்படித்தான் இருக்கும். பேசாத மனுஷன் பேசினா யாரும் நம்பிடுவாங்க. நானே நம்பித்தானே கழுத்தை நீட்டினேன். சின்னப் பென் டிரைவ்ல எல்லாத்தையும் எடுத்துக் கொடுத்தீங்க. எதையும் திறந்து பார்க்கலை. அதையும் நம்புறேன், நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்ல. வீட்ல சொல்ல வேண்டாம்னு சொன்னாரா? சொன்னாரு. அந்த ஒரு சொல்லுலயே பையைத் தூக்கிட்டுப் போயிருக்கணும் நீங்க. போகலை. அதுமட்டுமில்ல, நான் கூப்பிட்டப்ப இந்த வீட்டுக்கு வழி தெரியாத மாதிரி ரெண்டு தடவை கேட்டீங்க. அப்ப ஏதோ சரியில்லன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.

எனக்கும் தெரிஞ்சிருக்கணும். பதினஞ்சாம் தேதி பத்துன்னு பார்த்ததும் அவளைக் கிளப்பியிருக்கணும். நான் என்ன செஞ்சேன்? படிச்சேன். எப்படி நடந்ததுன்னு நாலு நாள் படிச்சேன். எனக்கு எதுவும் ஆதாரத்தோட வேணும். அஞ்சாவது நாள் காலையில, அவ வேலைக்குக் கிளம்பிப் பூட்டைப் போடுற நேரத்துக்கு, அவ புருஷன் அந்த விலாசத்தோட அவ வாசல்ல நின்னிருக்கான்.

இருக்கா. உயிரோட இருக்கா, பயப்படாதீங்க. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க, ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாது. அதான் இன்னைக்கு நான் இவ்வளவு பேசுறேன், அவ பங்கையும் சேர்த்து. அவன் ஜெயில்ல இருக்கான். எங்க வீட்டுக்காரர் தம்பி விஷயமா போயிருக்காருன்னு சொன்னேனே, வக்கீல் தேடித்தான்.

ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்திருக்காங்க அவளுக்கு. நேத்து என்னைப் பார்த்ததும் அக்கான்னு எழுதினா. அப்புறம் எப்படின்னு எழுதினா. அவ்வளவுதான், வேற ஒண்ணும் எழுதலை. கேள்விக்குறி போட மறந்துட்டா. நானும் போடலை.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில உள்ள விடுவாங்க. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. இந்தாங்க பேனா, இது வெள்ளைத் தாள். கூப்பிட்டது யாரு, என்ன கேட்டாரு, எதை எடுத்துக் கொடுத்தீங்க, தேதி, கீழ கையெழுத்து. முதல்ல அவ படிக்கட்டும், அப்புறம் படிக்க வேண்டியவங்க படிப்பாங்க. நிதானமா எழுதுங்க. பிழை வந்தா வரட்டும். நான் திருத்த மாட்டேன்.