பாபாவின் மஞ்சள்

— அரத்தைக் கொஞ்சம் கீழ வைங்க, பிளி. இந்தத் தகட்டுச் சத்தம் என்ன நிறம்னு கேட்டேனே, பதில் சொல்லுங்க.

— சொன்னேனே.

— என்ன சொன்னீங்க?

— மஞ்சள்னு.

— எப்படிப்பட்ட மஞ்சள்?

— மஞ்சள்ல என்ன எப்படிப்பட்ட... மஞ்சள் சோறு மாதிரி. நீதானே சொல்லுவே, அர்சினி.

— நான் சொல்றது எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு கேக்குறேன்.

— உனக்கு எப்படியோ அப்படித்தான்.

— இம்மி பிசகாம?

— பதினேழு வருஷமா பிசகல. இன்னிக்கு என்ன புதுசா?

— ஒண்ணுமில்ல. இந்த ஓலை கிழிஞ்சுபோச்சு. இன்னொண்ணு எடுத்துப் போடுங்க.

— எத்தனை தட்டுதான் முடைவே?

— இருநூறு. கோயில் திருவிழாவுக்கு மூணே நாள்தான் இருக்கு. பேச்சை மாத்தாதீங்க.

— நான் எங்க மாத்தினேன்...

— நேத்து ஊர் மண்டபத்துல பதினாறு பொம்பளைங்க. பன்னெண்டு பிள்ளைங்க. அத்தனை பேர் முன்னாடி நம்ம பொண்ணைப் பாத்து என்ன சொன்னீங்க?

— பொய் சொல்லாதேன்னு சொன்னேன்.

— அவ என்ன சொன்னா?

— நீ கங்சாத் தகட்டுல அடிக்கிற பாட்டு பச்சையா கேக்குதுன்னா. பச்சை! எல்லாரும் சிரிச்சாங்க. உனக்கும் மஞ்சள், எனக்கும் மஞ்சள். இவளுக்கு மட்டும் எப்படிப் பச்சையாகும்?

— அவளுக்குப் பச்சையா இருக்கலாம்.

— அதெப்படி? ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி தெரியுறப்ப, மூணாவது ஆளுக்கு...

— ஆமா. ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி தெரியுது. அதைத்தான் நானும் யோசிக்கிறேன்.

— அதுல என்ன யோசனை?

— நம்ம மூத்த பையனுக்குச் சத்தத்துல ஒரு நிறமும் தெரியாது. அவன் யார் சாயல்னுதான் யோசிக்கிறேன்.

— உங்கப்பா சாயல்.

— இருக்கும். என்ன இருமுறீங்க?

— வெண்கலத் தூசி.

— தண்ணி குடிங்க... இன்னிக்கு நாலு மணி ஒத்திகைக்கு நம்ம கடெக் வரமாட்டாளாம்.

— வரமாட்டாளா? அப்ப அவ பாதியை யாரு வாசிப்பா? ரெண்டு பேர் கோத்து அடிச்சாத்தான் அது பாட்டு. கூட வாசிக்கிற பொண்ணு சுவஸ்தி பாதிப் பாட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவா?

— அதை உங்க பொண்ணுகிட்டக் கேளுங்க.

— நீ கேளு.

— நான் அவளைத் திட்டலியே. இன்னொண்ணும் சொன்னா. இப்ப எனக்கு எந்த நிறமும் தெரியல மேமே, நின்னுபோச்சுன்னா.

— நின்னுபோச்சா? அதெப்படி ஒரே நாள்ல?

— நிக்கும். நானும் அப்படித்தான் சொன்னேன், பன்னெண்டு வயசுல. நிறம் தெரியுதுன்னதுக்கு வைத்தியர்கிட்டக் கூட்டிட்டுப் போய்த் தலையில தண்ணி ஊத்தினாங்க. மூணாவது தடவ ஊத்துறப்ப நின்னுபோச்சுன்னு சொல்லிட்டேன். தண்ணி ரொம்பக் குளிரா இருந்துச்சு.

— தெரியும்...

— அப்புறம் ஒன்பது வருஷம் கங்சா பக்கமே போகல. உங்களைப் பாக்குற வரைக்கும்.

— தெரியும், அர்சினி.

— நல்லது. காபிக்குத் தண்ணி வைக்கப் போறேன். அவளை இங்க அனுப்புறேன்.

— இரு... அவகிட்ட நான் என்னத்தைச் சொல்றது?

— எனக்கென்ன தெரியும்? உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க.

*

— மேமே போகச் சொன்னாங்க.

— வா, கடெக். இந்தப் பலகையில உக்காரு.

— நிக்கிறேன்.

— சரி, நில்லு. அந்தச் சுத்தியை எடு. இந்தத் தகட்டையும் அந்தத் தகட்டையும் ஒண்ணா அடி.

— எதுக்கு, பாபா?

— அடிச்சுப் பாரேன்.

— ... அடிச்சுட்டேன்.

— என்ன கேக்குது?

— டிங்.

— அவ்வளவுதானா?

— ரெண்டு டிங்.

— எப்பவும் வேற ஏதாவது சொல்லுவியே. மீன் செதில், பூனை நாக்குன்னு...

— அதெல்லாம் நின்னுபோச்சு.

— எப்ப?

— நேத்து. அஞ்சு மணிக்கு.

— ... எனக்கு என்ன கேக்குதுன்னு சொல்லவா?

— தெரியும். மஞ்சள்.

— இல்ல. ஏழு.

— ஏழா?

— இந்த ரெண்டு தகட்டையும் நாங்க ஒரே சுருதியில வைக்கிறதில்ல. ஒண்ணு மயிரிழை தாழ்வு, ஒண்ணு மயிரிழை உசத்தி. சேத்து அடிச்சா சத்தம் அலை அலையா நடுங்கும். ஒரு நொடிக்கு ஏழு அலை. ஆறு வந்தாலும் அரம் போடுவேன், எட்டு வந்தாலும் அரம் போடுவேன்.

— ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா?

— செத்த சத்தம். யாரும் வாங்க மாட்டாங்க.

— சரி... நிறம்?

— இல்ல.

— இந்தத் தகட்டுக்கு இல்லையா?

— எந்தத் தகட்டுக்கும் இல்ல.

— சும்மா சொல்றீங்க. நான் ஒத்திகைக்கு வரணும்னுதானே?

— மேமே எங்க இருக்கா, எட்டிப் பாரு.

— அடுப்படியில. வெறகு ஊதுறாங்க.

— எனக்கு ஒரு நிறமும் தெரிஞ்சதில்ல, கடெக். பொறந்ததுல இருந்து.

— பொய். மேமே எதைக் கேட்டாலும் கரெக்டா சொல்லுவீங்களே!

— மனப்பாடம். நீ வாய்ப்பாடு படிக்கிற மாதிரி.

— திரும்பிக்கோங்க.

— என்னது?

— அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. பாக்கக்கூடாது... ஒண்ணைத் தட்டுறேன், இது என்ன நிறம்?

— தண்ணித் தம்ளர்.

— தம்ளர்தான். என்ன நிறம்?

— ... மேமே தம்ளருக்குச் சொன்னதில்லையே.

— அய்யோ, பாபா!

— அதான் சொல்றேனே.

— அப்ப எல்லாமே மனப்பாடமா? பத்துத் தகடுமா?

— பத்துத் தகடு. புல்லாங்குழல், மத்தளம், ஓட்டு மேல மழை. சேவல் கூவுறதுக்குக்கூட மேமே நிறம் சொல்லுவா.

— சேவல் ஆரஞ்சு.

— ஊதான்னுதான் சொன்னா.

— ஊதாவா! அது எப்படி ஊதாவாகும்? சொரசொரன்னு ஆரஞ்சு, பாபா. துருப்பிடிச்ச தகரத்தைத் தொட்ட மாதிரி. மூணாவது கூவல்ல ஓரத்துல கொஞ்சம் கருப்பு...

— நின்னுபோச்சுன்னே? நிக்கல இல்ல?

— ... நிக்கல.

— நேத்து பொய் சொன்னது நான். நீ இல்ல.

— அப்ப மேமே மஞ்சள்னு சொல்றது?

— அது அவளுக்கு மஞ்சள். உனக்குப் பச்சை.

— எது சரி?

— என்னைக் கேட்டா? என்கிட்ட ஏழுதான் இருக்கு.

— பாவம் பாபா.

— ம்.

— மேமேகிட்ட ஏன் பொய் சொன்னீங்க?

— அதுவும் ஒரு கோயில் திருவிழாதான். மதில் ஓரமா தனியா உக்காந்து பணியாரம் தின்னுட்டிருந்தா. யாரும் அவ பக்கத்துல உக்கார மாட்டாங்க. ஒரு மாதிரின்னு பேசிக்குவாங்க. நான் போய் உக்காந்தேன்.

— ஏன்?

— ஏன்னா என்ன... உக்காரணும் போல இருந்துச்சு.

— ஹ்ம்ம்ம்.

— சிரிக்காதே. ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம், இந்தப் பாட்டு நனைஞ்ச மணல்ல நடக்குற மாதிரி இருக்குல்லன்னு கேட்டா. கேட்டுட்டு என் மூஞ்சியையே பாத்தா.

— இருந்துச்சா?

— எனக்கு எங்க இருக்கும்? இல்லைன்னா எந்திரிச்சுப் போயிடுவா. ஆமான்னுட்டேன்.

— பொய்.

— பொய்தான். அன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்னு நெனச்சேன்.

— பதினேழு வருஷம்!

— கத்தாதே... உலகத்துல தன்னை மாதிரி இன்னொரு ஆள் இருக்கான்னு நெனச்சிட்டிருக்கா. இப்பப் போய்ச் சொன்னா அது போயிடும். மறுபடி தனியாயிடுவா. நேத்து நீ பச்சைன்னதும், எங்க எல்லாம் வெளிய வந்துடுமோன்னு... அந்தப் பயத்துல உன்னை...

— நான் இருக்கேனே. எனக்குத்தான் தெரியுதே, பாபா. அப்ப மேமே எப்படித் தனியாவாங்க?

— உங்க ரெண்டு பேருக்கும் ஒரு நிறம்கூட ஒத்துப்போகாதே.

— போகாட்டி என்ன? சண்டை போட்டுக்குவோம். சேவல் ஊதாவாம்! என்ன பாபா, அழுறீங்களா?

— தூசி.

— மேமேகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்.

— சொல்றேன்.

— மண்டபத்துலயும் சொல்லணும்.

— அங்கயுமா?

— அங்கதானே திட்டினீங்க.

— கடெக்... நிறம் பாத்துச் சுருதி சேக்குறவர்னு ஊர் பூரா பேச்சு. அதுக்காகத்தான் கியான்யார்ல இருந்து, பாலித் தீவோட அந்தக் கோடியில இருந்தெல்லாம் தேடி வராங்க. எண்ணிக்கைதான்னு தெரிஞ்சா...

— சிரிப்பாங்க.

— ஆமா.

— என்னைப் பாத்து சிரிச்சாங்கல்ல, அந்த மாதிரி.

— ... சரி. மண்டபத்துலயும்.

— எல்லாரும் வந்ததுக்கப்புறம். பாதிப் பேர் இருக்கும்போது இல்ல.

— எல்லாரும் வந்ததுக்கப்புறம்.

— அப்ப நான் வரேன்.

*

— உங்க பொண்ணு தலை சீவிட்டிருக்கா. வரேன்னுட்டா. என்ன மந்திரம் போட்டீங்க?

— உக்காரு, அர்சினி.

— காபி ஆறிடும். குடிச்சுட்டுப் பேசுங்க.

— குடிச்சா பேச மாட்டேன். உக்காரு.

— உக்காந்தாச்சு.

— எனக்கு... இந்த நிறம் இருக்குல்ல...

— எந்த நிறம்?

— எதுவுமே. மஞ்சள் இல்ல, ஊதா இல்ல, நனைஞ்ச மணலும் இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சொல்றதைத் திருப்பிச் சொல்லுவேன். முதல் நாள்ல இருந்து அவ்வளவுதான். ஏதாவது சொல்லு.

— சக்கரை போதுமா?

— அர்சினி!

— போதுமான்னுதானே கேட்டேன்.

— போதும்... கோவமா?

— நேத்து இருந்துச்சு. பிள்ளையைப் பொய்க்காரியாக்கினீங்களே, அதுக்கு. மறுபடி அப்படிப் பண்ணினா அந்த அரத்தாலயே அடிப்பேன்.

— பண்ண மாட்டேன். மண்டபத்துல எல்லார் முன்னாடியும் சொல்றேன்னு அவகிட்ட ஒத்துக்கிட்டேன்.

— எல்லார் முன்னாடியுமா?

— ஆமா.

— பேரு போயிடுமே.

— போகட்டும். ஏழு சரியா வந்தா யாரும் கங்சாவைத் திருப்பி அனுப்ப மாட்டாங்க.

— ... நல்ல காரியம்.

— சரி, அது நேத்து கோவம். இதுக்குக் கோவமில்லையா? பதினேழு வருஷம் ஏமாத்தியிருக்கேன்.

— அரப்பெட்டி அடியில நீல அட்டை போட்ட நோட்டு ஒண்ணு இருக்கே.

— ... அது...

— நாலாவது தகடு சந்தன நிறம்னு எழுதி வச்சிருந்தீங்க. நான் சொன்னது சாம்பல். பென்சிலால அடிச்சுத் திருத்தினேன். பாக்கலையா?

— நான்தான் திருத்தினேன்னு நெனச்சிட்டிருந்தேன்!

— உங்க எழுத்து அவ்வளவு அழகாவா இருக்கும்?

— எப்பப் பாத்தே?

— கடெக் வயித்துல இருந்தப்ப.

— பத்து வருஷம் ஆச்சே! தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

— சொன்னா எழுதுறதை நிறுத்திடுவீங்க. புது நிறம் ஒண்ணு சொல்லுவேன். மறுநாள் திறந்து பாத்தா நோட்டுல இருக்கும். நல்லாருந்துச்சு, பிளி.

— அப்ப நோட்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுதா?

— இல்ல. அதுக்கு முன்னாடியே தெரியும்.

— எப்ப?

— கோயில்ல. நீங்க வந்து உக்காந்தீங்களே, அன்னிக்கே.

— அன்னிக்கு நான் ஒண்ணுகூடத் தப்பா சொல்லலியே! நீ நனைஞ்ச மணல்னே, ஆமான்னேன். பெரிய கோங் மணி சிவப்புன்னே, சிவப்புதான்னேன். ஊர்க்கூட்டத்துல திட்டு வாங்கிக்கிட்டு அந்தக் கோங் சட்டத்துக்குச் சிவப்புப் பெயின்ட்கூட அடிச்சேன்!

— கோங்குக்கு எனக்கு நிறமே கிடையாது. முதுகுல ஈரத் துணி போட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான் சிவப்புன்னேன். என்னைப் பொய்க்காரின்னு சொன்னவங்களைத்தான் அதுவரைக்கும் பாத்திருந்தேன், பிளி. எனக்காகப் பொய் சொல்ற ஆளை அன்னிக்குத்தான் பாத்தேன்... எந்திரிங்க, மணி நாலாகப் போகுது.