பிரஸ் ஷாப்புக்குள் போனவன்

லைட்டை அணைக்க வேண்டாம்... எரியட்டும். கதவை மட்டும் சாத்துங்கள்.

இது நம் எழிலரசியின் சித்தப்பா மகன் கார்முகிலுக்கு நடந்தது. ராத்திரி ஒரு மணி. ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் போகிற ரோடு. லாரிகூட இல்லை. அவன் பைக் ஒன்றுதான்.

கார்முகிலுக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவன் கம்பெனிக்கு ஒரகடத்தில் ஒரு பிளாண்ட், வல்லத்தில் ஒரு பிளாண்ட். அங்கே ஒரு சர்வர், இங்கே ஒரு சர்வர். இரண்டும் ஜோடி. கேட்டில் ஒருவன் கார்டைக் காட்டினால், இரண்டும் எழுதிக்கொண்டால்தான் பதிவு நிற்கும். ஒன்றில் அழித்தால் மற்றது திருப்பி எழுதும். ஒன்று செத்தால் மற்றது அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும். எதுவும் தொலையக் கூடாது என்றுதான் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள்.

அதற்கு முந்தின வாரம் வல்லத்தில், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் ஷாப்பில், பரசுராமன் என்கிற கான்ட்ராக்ட் ஆள் மெஷினில் சிக்கிச் செத்தான். பாவிகள், உடம்பைக் கொண்டுபோய் சர்வீஸ் ரோட்டில் போட்டுவிட்டு லாரி அடித்தது என்றார்கள். மேனேஜர் கார்முகிலைக் கூப்பிட்டார். "அவன் அன்னிக்கு டூட்டிக்கே வரலப்பா. சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கணும்."

இவன் சரியென்று வெளியே வந்தான். கேட்டில் பரசுராமன் மனைவி செந்தாமரை நின்றிருந்தாள்.

"அவரு உள்ள போனாருன்னு ஒரு பேப்பர் மட்டும் குடுங்க சார். கேஸ் போடணும். ரெண்டு புள்ளைங்க கீதுங்க."

"எந்தப் பரசுராமன்? யாரும் வர்ல. கேட்டாண்ட நிக்காத, போ" என்றான் கார்முகில்.



பரசுராமன் உள்ளே போன பதிவை அழித்தான். மறுநாள் அது திரும்ப வந்துவிட்டது. வல்லம் சர்வரின் வேலை. அதனால்தான் அன்று ராத்திரி, இரண்டுக்கும் நடுவே இருந்த லைனைத் துண்டித்து, ஒரகடத்தில் அழித்துவிட்டு, வல்லத்திலும் அழிக்கப் போய்க்கொண்டிருந்தான்.

அங்கே சர்வர் ரூமும் பிரஸ் ஷாப்பும் அடுத்தடுத்து. நடுவே ஒரே சுவர். ஒரு வாரமாக ஷாப்புக்குப் பூட்டு. ரூமில் ஏசி குளிர்... அதற்குள் மெஷின் ஆயில் வாடை... கூடவே ரத்தக் கவிச்சி. மூக்கைப் பொத்திக்கொண்டு அழித்தான். லைனைச் சேர்த்தான்.

டங்க்.

சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் இறங்கியது.

திரையில் பரசுராமன் பெயர் மறுபடி ஏறியது. இரண்டிலும் அழித்த பெயர்... எங்கிருந்து வந்தது?

"டேய், யார்றா அது?" என்று கத்தினான்.

டங்க்... இந்த முறை பக்கத்தில்.

அந்தப் பெயருக்கு நேராக, இத்தனை நாள் காலியாக இருந்த 'அவுட்' கட்டத்தில் நேரம் விழுந்தது. அந்த நிமிடத்து நேரம்.

அதற்குமேல் கேட் செக்யூரிட்டி ரகுபதி பார்த்ததுதான். ஒருவன் வெளியே வந்தான். சட்டை முழுக்க ஆயில். கார்டைக் காட்டினான், பச்சை லைட் எரிந்தது. "வூட்டுக்குப் போறேண்ணே. பொண்டாட்டி காத்துகினு கீறா" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

கார்முகில் வெளியே வரவே இல்லை. பைக் இன்னும் வல்லத்தில் நிற்கிறது. பிரஸ் ஷாப்பின் பூட்டு பூட்டியபடியே இருந்தது.

சர்வரில் தேடினார்கள். இரண்டிலும் ஒரே பதிவு. கார்முகில், பிரஸ் ஷாப், இன். அவுட் இல்லை. தேதி... பரசுராமன் செத்த நாள்.

அன்று கார்முகிலுக்கு லீவு. குன்றத்தூரில் ஒரு கல்யாணம். அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன் என்று எழிலரசி போன மாதம்வரை சத்தியம் செய்துகொண்டிருந்தாள்.

நேற்று மறுபடி கேட்டேன். பக்கத்து இலையில் யாருமே இல்லை என்கிறாள்.