எருமைக்கு எட்டாத அல்லி

அண்ணனைப் புதைத்த பிறகு அன்றுதான் நான் வெளியே கிளம்பினேன். அல்சூர் போகும் ஜட்காவில் எனக்கு எதிரே ஓர் அம்மாளும் அவள் கொழுந்தனும் ஈரச் சாக்கு மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“நல்லா கல்லு கட்டு தம்பி. இல்லேன்னா மேல வந்துரும்,” என்றாள் அந்த அம்மாள்.

வண்டிக்காரர் சட்டென்று திரும்பினார். “மூட்டையில என்னம்மா? என்னைப் போலீஸ்ல மாட்டி விட்டுறாதீங்க!”

“சீமை அல்லிக் கிழங்குய்யா. எங்க வீட்டுக்காரரு தொரை பங்களாவுல தோட்டக்காரரு. தொட்டியில வளத்தாரு. அவரு போயிட்டாரு, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. புது ரூம்ல தொட்டி வைக்க இடமில்ல. அதான் ஏரியில வைக்கப் போறோம்.”

“கரையோரமா வச்சா எருமை மேஞ்சுரும் அண்ணி,” என்றான் கொழுந்தன். “நல்ல ஆழத்துல போட்டுரலாம்.”

“ரொம்ப ஆழத்துல போட்டா எலை மேல வராதுப்பா. இடுப்பளவு தண்ணி போதும்னுதான் உங்கண்ணன் சொல்லுவாரு.”

“இடுப்பளவுக்கு எருமை வராதா?”

அந்த அம்மாள் மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். புடவை நனைந்தது.

கொஞ்ச தூரம் போனதும் வண்டிக்காரர் சொன்னார்: “அங்க எருமை ஓட்டிட்டு வர்றவன் என் மச்சான்தாம்மா. அந்தப் பக்கம் விடாதேன்னு சொல்லி வைக்கறேன்.”

“ஒரு பூவுக்காகவா கேக்கப் போறான்?”

“பூன்னு எதுக்குச் சொல்லப் போறேன்? அங்க ஒரு அம்மாவோட வீட்டுக்காரரு இருக்காருன்னு சொல்றேன்.”

ஏரிக்கரையில் அவர்கள் இறங்கினார்கள். நான் இறங்க வேண்டிய தெரு எப்போதோ போய்விட்டிருந்தது.